காபி கேட்டு வருகிறேன்

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். பெங்களூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் வியர்த்துக்கொண்டு, மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி பேசுகிற மகனுக்கு அம்மா சொல்லக்கூடிய பதில் அல்ல அது. ஆனால் நீ கேட்டதற்கு வருகிறேன், வரவில்லை என்று ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. "லீவு போட்டுட்டு வாம்மா. பானு எதுக்கெடுத்தாலும் அழறா. சரியா சாப்பிடறதில்ல, குழந்தைக்கும் சரியா பால் குடுக்கறதில்ல. பக்கத்து வீட்டு ஆன்ட்டி தட்டினாக்கூடக் கதவைத் திறக்கறதில்ல. எத்தனை பேருக்கு நீ ட்ரெயினிங் குடுத்திருக்க! நீ வந்து சொன்னா கேப்பா" என்றாய். பானுவின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததால் அவள் திருச்சியில் பிறந்த வீட்டில் இருக்க வேண்டிய மாதங்களை முடிக்காமலே கைக்குழந்தையோடு உன்னிடம் திரும்பிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவள் அழுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. நீ கடைசியாகச் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. நான் வந்து சொல்ல வேண்டும், அவள் கேட்க வேண்டும். இதே கோரிக்கையோடு இதற்குமுன் ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். அப்போது நான் போனேன், சொன்னேன். என்ன நடந்தது என்பதை உனக்கு எழுதிவிட்டு, பிறகு என் பதிலுக்கு வருகிறேன்.

நீ ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். நான் பகுதிநேரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரியில் அந்த ஆண்டு என்னை மறுபடி கூப்பிடவில்லை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இயங்கிய அறக்கட்டளை ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று அப்பாதான் சொன்னார். கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு பெண்ணை அனுப்புவது அவர்களுடைய திட்டம். தாய்க்கு என்ன சிரமம், குழந்தை எப்படி இருக்கிறது, யார் உதவுகிறார்கள் என்று விசாரித்து, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். ‘இல்லச் சந்திப்புத் திட்டம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். முதலில் மூன்று நான்கு தெருக்களில் ஆரம்பித்து, சரியாக வந்தால் முடிச்சூர், பெருங்களத்தூர் என்று விரிவாக்குவதாக எண்ணம். வீடுகளுக்குப் போகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், விதிமுறைகள் எழுதுவதும், பிறகு கூடவே போய் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும் என் வேலை. எனக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. சமூகவியல் படித்தவளுக்கு வறுமை என்றால் என்ன என்று புத்தகத்திலாவது தெரியும். கூலி உயராமல், தண்ணீர்க் குழாய் வராமல், ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதால் என்ன மாறிவிடும் என்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். நீயும் அந்த நாட்களில் "அம்மா ஊர்க் குழந்தைகளைப் பார்க்கப் போயிருக்காங்க" என்று உன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். நான் கேட்டிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களோடு வேலை பார்த்தவர்களில் லீலாவை உனக்கு நினைவிருக்கலாம். கடப்பேரியிலிருந்து வருவாள், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், சத்தமாகச் சிரிப்பவள். இரும்புலியூரில் இரண்டு தெருக்கள் அவள் பொறுப்பு. ஆரம்பத்தில் தெருவுக்குள் அவள் நுழைந்தாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். கையில் பை, காலில் செருப்பு, நேராக மடித்துக் குத்திய சேலை என்று எவள் வந்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வருபவள்தான் என்று அங்கே ஒரு முடிவு இருந்தது. "ஆபரேசனுக்கு வந்துகீறாங்கடீ" என்று முதல் வீட்டில் ஒருத்தி குரல் கொடுத்தால் கடைசி வீடு வரை போய்விடும். லீலா ஒருநாள் தெரு நடுவில் நின்று, "எனக்கே நாலு பசங்க! நானா உங்களை ஆபரேசனுக்குக் கூப்பிடப்போறேன்?" என்று கத்தினாள். தெரு சிரித்தது. அதற்குப் பிறகு சில கதவுகள் திறந்தன. அவளை ‘டீச்சர்’ என்றார்கள், எப்போதாவது கூடப் போன என்னைப் ‘பெரிய டீச்சர்’ என்றார்கள். இரண்டு பேரும் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

விதிமுறைகளில் முதலாவது, போகிற வீட்டில் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. அறக்கட்டளைக் கமிட்டியில் யாரோ முன்மொழிந்தார்கள், நான் ஆதரித்தேன். அந்தத் திட்டத்திலேயே எனக்கு முழுதாக நியாயமாகப் பட்டது அது ஒன்றுதான். கால் லிட்டர் பால் வாங்கி நாள் முழுக்க ஓட்டுகிற வீட்டில், வாரா வாரம் போய் அந்தப் பாலை நாம் டீயாகக் குடித்துவிட்டு, குழந்தைக்குச் சத்தாகக் கொடு என்று சொல்லிவிட்டு வருவது அசிங்கம் என்று பயிற்சி வகுப்பில் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். லீலா மட்டும், "தண்ணிகூடவா மேடம்?" என்று கேட்டாள். தண்ணீரும் குழாயடியில் வரிசையில் நின்று பிடித்துவருவதுதானே என்றேன். நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது.

விதி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், ஒவ்வொரு வீட்டிலும் அது ஒவ்வொரு விதமாக விழுந்தது. நிலத்தை மனை போட்டு விற்று மாடி கட்டியிருந்த பழைய ஊர்க்காரர்கள் வீட்டில், "என்ன டீச்சர், விரதமா?" என்று கேட்டுவிட்டு மறந்துபோனார்கள். மார்க்கெட் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில், மருமகள் இரண்டு வாரம் காபியை நீட்டிப் பார்த்தாள். மூன்றாம் வாரம் கடைக்கு ஆள் அனுப்பிக் கோலி சோடா வாங்கிவரச் சொல்லி, "கோலி அடைச்சதுதான் டீச்சர், நம்ம கை படல" என்றாளாம். லீலா அதையும் வேண்டாம் என்றிருக்கிறாள். மாதக் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது, விதியை உறுதியாகக் கடைப்பிடித்ததற்காக நான் அவளைப் பாராட்டினேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது என் காதில் விழுந்தது, புரியவில்லை.

லீலாவின் இரண்டாவது தெரு ஏரியை ஒட்டிய காலனி. ஆதிதிராவிடக் குடும்பங்கள். அங்கேதான் தேவகி இருந்தாள். இருபது வயது இருக்கலாம், முதல் குழந்தை, பெண். புருஷன் சேகர் லாரி ஷெட்டில் பெயின்டர். மாமியார் அஞ்சலை ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கிச் சுத்தம் செய்பவள். மாமனார் பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு இருந்தார். வீடு என்றால் ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு. குழந்தை பிறந்தபோது நன்றாக இருந்ததாம். பால்வாடியில் தூக்கிப் போட்டு எடை பார்த்தபோது ஒரு மாதம் ஏறவில்லை, அடுத்த மாதம் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு நோய் எதுவும் இல்லை, தாய்ப்பால் நன்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லீலா வாரா வாரம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவகி "சரிங்க டீச்சர்" என்பாள். குழந்தையின் தொடை சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் சேகர் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் மாடிக்கே ஏறி வந்தான். கையெல்லாம் நீலப் பெயின்ட். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "மேடம், எம் பொண்ணு பூனக்குட்டியாட்டம் ஆயிகினு வருது. அவ பால் குடுக்கமாட்டேன்றா. நான் சொன்னா அழறா. நீங்க படிச்சவங்க. பெரிய டீச்சரு வந்து ஒரு தபா சொன்னா கேப்பா மேடம்" என்றான். அவன் குரலில் இருந்த பயம் நிஜம். உன் குரலிலும் ஞாயிற்றுக்கிழமை அது இருந்தது.

நான் போனேன். லீலாவோடு அந்த அறையில் பாயில் உட்கார்ந்து, தாய்ப்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் தேவகியிடம் சொன்னேன். நன்றாகத்தான் பேசியிருப்பேன், எனக்கு வகுப்பெடுத்துப் பழக்கம். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா, நல்லா சொல்லுங்க" என்றார். தேவகி தலையைக் குனிந்து தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கிற நேரத்தில் அஞ்சலை இரண்டு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து முன்னால் வைத்தாள். வீட்டில் இருந்த டம்ளர்களில் அவை புதியவை, கழுவிய ஈரம் வெளிப்பக்கத்தில் இருந்தது. நான், "வேண்டாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றேன். லீலாவும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னது எனக்கே கேட்டது.

அஞ்சலை டம்ளர்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், இரண்டையும் சாக்கடையில் கவிழ்த்தாள். "இன்னா பெரிய டீச்சரே, எங்க வூட்டு டம்ளர்ல வாய் வெச்சா ஒட்டிக்குமா? வாரா வாரம் வந்து எம் மருமவ ராத்திரி தூங்கினாளா, வெளிக்குப் போனாளான்னு எல்லாம் கேக்கறீங்க. எங்க வூட்டுக் கதை வோணும், எங்க வூட்டு டீ மட்டும் ஆவாதா? இத்த எங்க பாட்டன் காலத்துலயே பாத்தாச்சு. போய்ட்டு வாங்க" என்றாள். கத்தவில்லை. எதிர்வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னாள். நான் விதியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பாலைப் பற்றி, அவர்களுடைய சிரமத்தைப் பற்றி. சொல்லச் சொல்லவே அது எவ்வளவு பொய்யாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. ஒரு வீட்டில் யார் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், யார் குடிக்காமல் போனார்கள் என்பதை அந்தத் தெரு தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்திருக்கிறது. நான் மனதில் என்ன நினைத்து வேண்டாம் என்றேன் என்பது அங்கே யாருக்கும் தேவையில்லாத விவரம்.

அடுத்த வாரம் அந்த வீடு மட்டும் அல்ல, தெருவே திறக்கவில்லை. சாத்திய கதவுகளுக்கு முன்னால் நடந்துவிட்டு லீலா திரும்பினாள். கமிட்டி கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற என்ஜினீயர், நல்லவர், எந்தச் சிக்கலுக்கும் ஒரு சாமான் வாங்கித் தீர்வு காண்பவர். டீ குடிக்கலாம் என்று விட்டால் அடுத்தது சாப்பாடு, பிறகு தீபாவளிக்குப் புடவை என்று போய்விடும் என்றார் ஒருவர். குடிக்காவிட்டால் கதவு திறக்காது என்றார் இன்னொருவர். அப்போது தலைவர், "நாமே பிளாஸ்கில் டீ கொண்டுபோய் அவங்களுக்கும் குடுத்தா?" என்றார். அறையில் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. மறுவாரமே சிவப்புப் பிளாஸ்குகள் வந்தன. இது எப்படி முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அஞ்சலையின் வாசலில் நின்ற பிறகு எனக்கு எதைப் பற்றியும் கருத்துச் சொல்லும் தைரியம் இல்லை. லீலா பிளாஸ்கோடு காலனிக்குள் நுழைந்ததும் ஒருத்தி, "டீச்சர், ஒரு சிங்கிள்! சக்கர தூக்கலா!" என்றாளாம். இன்னொருத்தி, "மசால் வட இல்லியா?" என்றாளாம். அஞ்சலை வெளியே வந்து பார்த்து, "இப்ப அவங்க வூட்டு டீய நாம குடிக்கணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். லீலா மாடிக்கு வந்து பிளாஸ்கை மேஜைமேல் வைத்துவிட்டு அழுதாள். "நீங்க நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுவீங்க மேடம். நான் இந்தப் பக்கத்துலதான் காய்கறி வாங்கணும்."

இந்தத் தெருவிலேயே கதவு திறக்காவிட்டால் மற்ற ஊர்களுக்குத் திட்டத்தைக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை என்று தலைவர் சொல்லத் தொடங்கியிருந்தார். அது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. திட்டங்கள் வரும், போகும். அந்தக் குழந்தைதான் மனதில் நின்றது. பால்வாடியில் கேட்டேன், எடை பார்க்கத் தேவகி வருவதில்லை என்றார்கள். எங்களால் அந்த வீட்டுக்கு இருந்த ஒரு வழியும் அடைபட்டிருந்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் வரிசையாக நின்றுவிட்ட ஒரு பகல். நானும் லீலாவும் முதல் தெருவை முடித்துக்கொண்டு, பஸ் இல்லாமல் ஏரிக்கரை வழியாக நடந்து வந்தோம். குடை காற்றில் திரும்பிக்கொண்டது. காலனிக்குள் முழங்கால் தண்ணீர். ஒதுங்க இடம் பார்த்து ஒரு கூரை இறவாரத்தில் நின்றோம். மழையில் தலை நிமிராமல் ஒதுங்கியதில், நின்ற பிறகுதான் அது அஞ்சலை வீடு என்று தெரிந்தது. லீலா, "போயிடலாம் மேடம்" என்றாள். அதற்குள் கதவு திறந்தது. தேவகி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். கூப்பிடவும் இல்லை, சாத்தவும் இல்லை. நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். "குடிக்கச் சூடா ஏதாவது கிடைக்குமாம்மா?" என்று கேட்டேன். இதை ஒரு உத்தி என்று நினைத்துவிடாதே. எனக்குக் குளிர்ந்தது.

தேவகி, "உள்ள வாங்க" என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்துப் போட்டாள். அடுப்பு பற்றவைக்க வேண்டும், டீத்தூள் டப்பாவை எட்டி எடுக்க வேண்டும், இரண்டு கையும் வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டுக் குழந்தையை என் மடியில் வைத்தாள். அத்தனை வாரங்களில் அவளாக அதை யாரிடமாவது கொடுத்தது அதுதான் முதல்முறை என்று லீலா பிறகு சொன்னாள். மடியில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதினாள். முகத்தைத் திருப்பாமலே, "டீச்சர், அன்னிக்கு அவரு உங்ககிட்ட வந்து இன்னா சொன்னாரு?" என்றாள்.

"குழந்தைக்கு நீ சரியா பால் குடுக்கறதில்லைன்னு சொன்னார்."

"குடுக்கமாட்டேன்னு நான் சொன்னனா? எங்க ஒக்காந்து குடுக்கறது?" என்றவள், மோவாயால் கட்டிலைக் காட்டினாள். "அந்தக் கட்டிலு காலியா கீறத இன்னிக்குதான் பாக்கறீங்க. அத்தை மாமாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கு. மத்த நாளு வெளிச்சம் வந்ததுலேந்து போற வரைக்கும் மாமா அங்கதான் ஒக்காந்துகினு இருக்காரு. நல்ல மனுசன், ஒரு சொல் சொன்னதில்ல. ஆனா எப்படி டீச்சர்? எந்திரிச்சுப் போங்கன்னு சொல்றதா? இருட்டினப்புறம்தான் வயிறாரக் குடுக்கறேன். பகல்ல சக்கரத்தண்ணி."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள் லீலா.

"நீங்க எங்க கேட்டீங்க? சொல்லிகினு இல்ல இருந்தீங்க. கேட்டாலும், மாமா எதிர்ல இன்னான்னு சொல்றது?"

டீ வந்தது. அதே டம்ளர். நான் பாதி குடித்திருந்தபோது அஞ்சலை புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைப் போட்டபடி வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இன்னா பெரிய டீச்சரே, வழி மாறி வந்துட்டியா?"

"மழைக்கு ஒதுங்கினோம். நான்தான் டீ கேட்டேன்."

"நீயா கேட்ட?"

"ஆமாம்."

அஞ்சலை சாக்கை உதறினாள். "சக்கர போதுமா?"

"கொஞ்சம் ஜாஸ்தி."

"எங்க வூட்ல அப்டித்தான்" என்று சொல்லி, புருஷனைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

தேவகி சொன்னதை நான் அன்று அஞ்சலையிடம் சொல்லவில்லை, சொல்ல முடியாது, அவர் கட்டிலில் இருந்தார். அடுத்த வாரம் லீலா வாசலில் குந்தி டீ குடித்துக்கொண்டே அவள் காதில் போட்டாள். அஞ்சலை, "மூணு பெத்தவ நான். எனக்குத் தோணல பாரு. எங்க மாமியா வூடு பெருசு, தடுப்பு இருந்துச்சு" என்றாளாம். அன்று சாயங்காலமே அடுப்பு மூலைக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டாள். மழை விட்ட பிறகு மாமனார், யாரும் சொல்லாமலே, பகலில் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அவருக்கும் இத்தனை நாளாக என்ன செய்வதென்று தெரியாமல் இருந்திருக்கலாம். குழந்தை மெல்ல எடை ஏறியது. அது அந்தச் சேலையால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். குழந்தைகள் சில சமயம் தாமாகவும் தேறிவிடும். ஆனால் பகலில் சர்க்கரைத்தண்ணீர் நின்றது, அது எனக்குத் தெரியும்.

விதி மாறியது. புதிய விதியை நான் எழுதினேன்: கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். அறிக்கையில் இதற்கு வேறு பெரிய வார்த்தைகள் போட்டுக்கொண்டார்கள். திட்டம் முடிச்சூருக்கும் பெருங்களத்தூருக்கும் போயிற்று. பாத்திரக் கடை வீட்டில் லீலா போய்க் காபி கேட்டபோது அந்த மருமகள் சேமியாப் பாயசமும் சேர்த்துக் கொண்டுவந்து, முழுதும் முடியும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஒரு நாளைக்கு எட்டு வீட்டு டீ குடித்து எங்கள் பெண்கள் எல்லாருக்கும் நெஞ்செரிச்சல் வந்தது. தலைவர் மாத்திரை வாங்கித்தரலாமா என்று கேட்டார். சிவப்புப் பிளாஸ்குகளில் ஒன்று இன்னும் நம் வீட்டில் இருக்கிறது. அப்பா அதில் வெந்நீர் வைத்துக்கொள்கிறார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டபடி, சொல்வதற்காக நான் வரப்போவதில்லை. பானுவுக்குத் தாய்ப்பாலின் அருமை தெரியாது என்றா நினைக்கிறாய்? அவள் எம்.எஸ்ஸி. படித்தவள். உன் வீட்டில் அந்தக் கட்டில் எது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியாக இருக்கலாம். நள்ளிரவு வரை டி.வி. பார்த்துக்கொண்டு ஹாலில் படுத்திருப்பதாக நீயே சொன்ன உன் நண்பனாக இருக்கலாம். தன் அப்பாவைப் பற்றிய கவலையாக இருக்கலாம். நீயாகவும் இருக்கலாம். நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. அந்த மாமனாரும் நல்ல மனிதர்தான். ஒருவேளை ஒரு காரணமும் இல்லாமல், டாக்டர் பார்க்க வேண்டிய அழுகையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போவோம். எதுவாக இருந்தாலும், நீ எதிரில் நிற்க, நீ வரவழைத்த ஆளாக நான் வந்து உட்கார்ந்தால், அவள் எனக்கும் "சரிங்க அத்தை" என்றுதான் சொல்வாள். உனக்கு அது நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நாளைக்கு.

அதனால் நேற்று பகலில், நீ ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்து, பூத்திலிருந்து உங்கள் கீழ்வீட்டு நம்பருக்குப் போன் செய்து பானுவைக் கூப்பிடச் சொன்னேன். வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. வந்தாள். நீ பேசியது எதையும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் ஒருநாள் உன் வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன். வந்தா எனக்குக் காபி கிடைக்குமா? உனக்குக் கஷ்டமா இருந்தா இப்ப வேண்டாம்னு சொல்லு, நான் தப்பா நினைக்கமாட்டேன்" என்றேன். பூத்துக்காரர் என்னைப் பார்த்தார். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் சொன்னாள், "காலைல பால்காரர் வர்றப்போ நான் எழுந்திருக்கறதே இல்ல அத்தை. வீட்ல பால் பவுடர்தான் இருக்கு. பரவாயில்லையா?"

"பவுடர் காபியே போதும்" என்றேன்.

"அப்ப வாங்க" என்றாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்வார். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், ஆட்டோ பிடிக்க எனக்குத் தெரியும். உன் நண்பனை அன்று ஒருநாள் வேறு எங்காவது இருக்கச் சொல். நான் வந்து கதவைத் தட்டுவேன், அவள் திறப்பாள், குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் அவள் அடுப்படிக்குப் போக முடியும். வீட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நீ எப்போதும்போல் ஆபீசுக்குப் போ.

அம்மா